செயலின்றி வரும் மீட்பும் ஓயாத செய்முறையும்: மைக்கேல் பாரடே

மீட்பு என்பது மாந்தன் தன் நற்செயல்களால் ஈட்டும் கூலியன்று. இயேசு கிறிஸ்து சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார் என்பதை நம்பி ஏற்பவனுக்கு இறைவன் அருளால் வழங்கும் கொடை. பவுல் உரோமையருக்கும் எபேசியருக்கும் வரைந்த திருமுகங்களின் உயிர்நாடி இதுவே. 1517இல் மார்ட்டின் லூத்தர் விட்டன்பர்க்கில் தொடங்கிய பூசலும் இதையே அச்சாகக் கொண்டு சுழன்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தில் தோன்றிய ஒரு சிறு குழு, இனி அப்பால் செல்ல இடமில்லை என்னும் அளவுக்கு இக்கோட்பாட்டை வலியுறுத்தியது. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே அக்குழுவில் பிறந்து, அக்குழுவிலேயே வாழ்ந்து மறைந்தவர்.

குழுவின் முதல்வர் ஜான் கிளாஸ், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர். அரசும் திருச்சபையும் பிணைந்து நிற்பதற்கு மறைநூலில் இடமில்லை என்று கூறியதால் 1730இல் பதவி இழந்தார். அவருடைய மருமகன் இராபர்ட் சாண்டிமன் 1757இல் மடல்களாக எழுதி வெளியிட்ட நூல் கோட்பாட்டுக்குக் கூர்மை ஏற்றியது. அக்காலத்து இறைப்பற்றாளர் பலர் தம் உள்ளத்தையே ஓயாமல் துருவிக்கொண்டிருந்தனர். என் நம்பிக்கை மெய்யானதா? என் மனம் போதிய அளவு உருகியதா? இக்கேள்விகள் அவர்களை உறங்கவிடவில்லை. சாண்டிமன் அந்தத் துருவலையே கடிந்தார். உள்ளத்தை வருத்திப் பிழிந்து வரவழைப்பதுதான் நம்பிக்கை என்றால் அதுவும் ஒரு நற்செயலாகிவிடும். தலைவாசலில் விரட்டிய கூலி கொல்லைப்புறமாக மீண்டும் வீட்டுக்குள் வந்துவிடும். நம்பத்தக்க சான்றாளர் உரைத்த செய்தியை உண்மையென்று ஏற்பதற்குமேல் நம்பிக்கையில் வேறொன்றும் இல்லை என்பது அவர் முடிபு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில் உள்ள அவர் கல்லறையிலும் இதே கருத்துத்தான் பொறிக்கப்பட்டுள்ளது: மாந்தனின் எண்ணமோ செயலோ சிறிதும் சேராமல், கிறிஸ்துவின் இறப்பு ஒன்றே கொடிய பாவியையும் கறையற்றவனாக்கப் போதும்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. உண்மையென்று ஏற்றால் போதுமென்றால் பேய்களும் நம்புகின்றனவே என்று யாக்கோபின் திருமுகத்தை எடுத்துக்காட்டினர். பாப்டிஸ்டு போதகர் ஆண்ட்ரூ புல்லர் 1810இல் தனி மறுப்பு நூலே எழுதினார். வலுவான மறுப்புத்தான். ஆயினும் சாண்டிமனியர் எனப்பட்ட அக்குழுவினர், மீட்பு கைக்கு வந்துவிட்டதென்று கால் நீட்டிப் படுத்துவிடவில்லை. மறைநூல் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தனர். ஞாயிறு வழிபாட்டுக்கிடையே அனைவரும் கூடி அன்பு விருந்து உண்டனர். ஒருவர் காலை ஒருவர் கழுவினர். பொருள் குவித்துவைப்பதைத் தவறென்றனர். சபையின் முடிவுகள் ஒருமித்தே அமைய வேண்டும் என்றனர். ஈட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நம்பியவர்களே இத்துணைக் கடுமையாக வாழ்ந்தார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு முரணாகத் தோன்றும். அவர்களுக்கோ, கடமை கடனடைப்பதற்காக அன்று. கடன் முன்னமே அடைபட்டதற்காக.

1791இல் இலண்டனின் தென்புறத்தில் ஒரு கொல்லர் வீட்டில் பாரடே பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகம் கட்டும் தொழில் பயின்றபோது, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் இராயல் நிறுவனத்தில் உதவியாளர் ஆனார். 1821 சூனில் சபையைச் சேர்ந்த சாரா பர்னார்டை மணந்தார். அடுத்த மாதமே சபையார் முன் தம் நம்பிக்கையை அறிக்கையிட்டு முழு உறுப்பினரானார். மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை அவர் செய்துகாட்டியதும் அதே ஆண்டின் செப்டம்பரில்தான்.

மின்னோட்டம் காந்தத்தை விளைவிக்கும் என்று 1820இல் டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட் காட்டியிருந்தார். அப்படியானால் காந்தமும் மின்னோட்டத்தை விளைவிக்க வேண்டுமல்லவா? 1820களில் பாரடே சில முறை முயன்றும் ஒன்றும் தென்படவில்லை. 1831 ஆகத்து 29ஆம் நாள், ஆறு அங்குலக் குறுக்களவுள்ள மெல்லிரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருளையும் மறுபாதியில் இன்னொன்றையும் சுற்றினார். கம்பியின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க இடையில் நூலும் துணியும் வைத்தார். இரண்டாம் சுருளின் முனைகளை இணைத்த கம்பியைச் சற்றுத் தொலைவில் இருந்த காந்தமுள்ளின்மேல் செலுத்தினார். முதற்சுருளை மின்கலவடுக்குடன் இணைத்த நொடியில் முள் துடித்தது; பின் பழைய இடத்தில் அமைந்தது. மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தும் முள் அசையவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் மீண்டும் ஒரு துடிப்பு, இம்முறை எதிர்த்திசையில். நிலையான விளைவைத் தேடியவர்க்கு நொடிப்பொழுது விளைவே கிடைத்தது. எதிர்பார்த்தது வரவில்லையே என்று அவர் அந்தத் துடிப்பைப் புறந்தள்ளவில்லை. மாற்றமே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்னும் விதி அதிலிருந்துதான் பிறந்தது. இன்றைய மின்னாக்கியும் மின்மாற்றியும் அவ்விதியின் வழிவந்தவை.

பாரடேயின் நம்பிக்கையை அவருடைய முடிபுகளில் தேடுவதைவிட, முடிபுகளை அவர் கையாண்ட முறையில் தேடுவதே தகும் என்பது என் கருத்து. சாண்டிமனின் கோட்பாட்டில், மீட்புக்கு ஆதாரமான நிகழ்வு மாந்தனுக்குப் புறத்தே நடந்து முடிந்துவிட்டது; அவனுடைய உருக்கமோ விருப்பமோ அதில் ஒன்றையும் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. ஆய்வுக்கூடத்திலும் பாரடே அதே ஒழுங்கைப் பேணினார். நடந்ததை நடந்தபடி எழுதினார். தம் ஊகத்தை ஊகமென்றே குறித்தார். பிறர் சொன்னதைத் தாமே செய்துபார்க்காமல் ஏற்க மறுத்தார். அவருடைய ஆய்வு நாட்குறிப்பில் எண்ணிட்ட பத்திகள் மட்டும் 16,000க்கு மேல். வெற்றியும் தோல்வியும் அங்கே ஒரே குரலில் பதிவாகியுள்ளன. இறைவன் முன் தம் தகுதி எந்தக் கண்டுபிடிப்பாலும் கூடாது என்று உறுதியாக நம்பிய ஒருவருக்கு, ஊகம் பொய்த்துப்போவது அவ்வளவு பெரிய இழப்பன்று. சமயத்திலிருந்தே இப்பழக்கம் வந்ததென்று அறுதியிட முடியாது. அதே சபையில் அமர்ந்திருந்த மற்றவர்கள் தொழிலும் வணிகமும் பார்த்தார்களே ஒழிய, காந்தங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கவில்லை.

நம்பிக்கைக்கும் ஆய்வுக்கும் இடையே அவர் வைத்த எல்லை தெளிவானது. 1853இல் இலண்டனில் ஆவிகளின் பெயரால் மேசை சுழற்றும் மோகம் பரவியது. பலர் சுற்றி அமர்ந்து கைவைத்தால் மேசை தானாக நகருமாம். பாரடே அட்டைகளை அடுக்கி, இடையே இளகும் பசை பூசி, அந்த அடுக்கின்மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேசை தானே நகர்ந்தால் அடியிலுள்ள அட்டை முந்த வேண்டும்; கைகள் தள்ளினால் மேலுள்ளது முந்தும். மேலுள்ளதுதான் முந்தியது. பின்னர், கை அழுத்துவதை உடனுக்குடன் காட்டும் நெம்புமுள் ஒன்றைப் பொருத்தி, அமர்ந்தவர்களின் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்தபடி இருந்தவரை மேசை நகரவே இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, தம்மை அறியாமலே தள்ளினார்கள் என்று அவர் எழுதியதில் ஏளனம் இல்லை. அடுத்த ஆண்டு நிகழ்த்திய பொழிவில், ஆய்வுக்குரிய நம்பிக்கை வேறு, மறுமை பற்றிய நம்பிக்கை வேறு என்று பிரித்தார். பின்னது பகுத்தறிவின் முயற்சியால் எட்டப்படுவதன்று, அருளப்பட்ட சான்றை எளிதாக ஏற்பதால் வருவது என்றார். சோதனையின் கடுமையைச் சமயத்தில் ஏன் காட்டவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த விடை இவ்வளவே. போதாதென்று பலர் கருதினர். கருத இடமும் உண்டு. ஆனால் தம் விடையை அவர் மறைத்து வைக்கவில்லை.

இந்த எல்லையால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. 1830களில் இங்கிலாந்தில் இயற்கையின் அமைப்பைக் காட்டிப் படைத்தவனை மெய்ப்பிக்கும் நூல்கள் மலிந்தன. பிரிட்ஜ்வாட்டர் வரிசை மட்டும் எட்டு நூல்கள். பாரடே அத்தகைய நூல் ஒன்றும் எழுதவில்லை. மீட்பு அருளப்பட்ட சான்றை ஏற்பதால் வருவதென்றால், காந்தத்தைக் கொண்டு இறைவனை நிறுவும் தேவையே எழாது. விசைகள் யாவும் ஒரே மூலத்தின் பல வடிவங்கள் என்று அவர் கருதியதற்கு ஒரே படைப்பாளர் என்னும் கொள்கையே வேர் என்று ஆய்வாளர் சிலர் சொல்வர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எர்ஸ்டெட் அதே ஒருமையைச் செருமானிய இயற்கைத் தத்துவத்தின் வழியே வந்தடைந்தார். ஓர் எண்ணத்துக்கு வாயில் பல.

அந்த ஒருமைத் தேட்டத்தில் 1845இல் அவருக்குப் பெரும்பேறு வாய்த்தது. தொலைநோக்கிக்கென 1820களில் அவர் உருக்கி வார்த்த ஈயக் கண்ணாடித் துண்டு ஒன்று கைவசம் இருந்தது. அதை மின்காந்த முனைகளின் அருகே வைத்து, முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை அதனூடே செலுத்தினார். மறுபக்கத்தில் அதுவரை மறைந்திருந்த விளக்கின் உருவம், காந்தத்துக்கு மின்னோட்டம் கொடுத்ததும் புலப்பட்டது. காந்தம் ஒளியின் முனைவுத் தளத்தைத் திருப்பியிருந்தது.

அடுத்து ஈர்ப்பைப் பிடித்தார். காந்தம் அசைந்தால் மின்னோட்டம் எழுகிறதே, பொருள் பூமியை நோக்கி விழும்போதும் எழாதா? 1849இல் இராயல் நிறுவனத்தின் பொழிவரங்கில், ஏறத்தாழ 36 அடி உயரத்திலிருந்து கம்பிச்சுருள்களை மெத்தைமேல் விழவிட்டு, மின்னோட்டங்காட்டியின் முள்ளை நோக்கியிருந்தார். முள் சிற்சில வேளை அசைந்தது. அந்த அசைவைக் கொண்டாடாமல், அதன் காரணத்தைத் தேடினார். விழும்போது இணைப்புக் கம்பிகள் ஒன்றைவிட்டொன்று அகன்று புவிக்காந்தத்தை வெட்டியதே காரணம். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினார், அசைவு மறைந்தது. 1850 நவம்பரில் இராயல் கழகத்தின் முன் அந்தத் தோல்வியை முழுக் கட்டுரையாகவே வைத்தார். விளைவுகள் எதிர்மறை, ஆயினும் ஈர்ப்புக்கும் மின்னுக்கும் உறவுண்டு என்னும் தம் வலுவான உணர்வை அவை அசைக்கவில்லை, அந்த உறவுக்குச் சான்றும் தரவில்லை என்று முடித்தார். உணர்வையும் சான்றையும் இவ்வாறு தனித்தனியே எழுதிவைக்கும் நேர்மை அரிது.

சபையில் அவர் 1840இல் மூப்பரானார். 1844இல் ஒழுங்கு தொடர்பான பிணக்கொன்றில் வேறு பலருடன் அவரும் விலக்கப்பட்டார். சில வாரங்களில் மீண்டும் சேர்க்கப்பட்டாலும், மூப்பர் பொறுப்பு 1860இல்தான் திரும்பியது. ஐரோப்பாவே போற்றிய அறிஞர் அச்சிறு சபையின் தீர்ப்புக்குத் தலைவணங்கியிருக்கிறார். 1857இல் இராயல் கழகத் தலைமை தேடிவந்தபோது மறுத்தார். 1867இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் இறந்தார். அவர் விரும்பியபடியே ஆரவாரமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் நடந்தது.

அவருடைய நாட்குறிப்பின் இறுதிப் பதிவு 1862 மார்ச்சில் நிகழ்ந்த ஒரு தோல்வி. மின்காந்த முனைகளுக்கிடையே நிறமற்ற சுடரை எரியவிட்டு, அதில் சோடியம், இலித்தியம் முதலியவற்றின் உப்புகளை இட்டு, நிறமாலைக் கோடுகள் மாறுகின்றனவா என்று பார்த்தார். மாற்றம் தெரியவில்லை; தெரியவில்லை என்று எழுதினார். அவருடைய நிறமாலைகாட்டியின் பிரிதிறன் அதற்குப் போதாது. 1896இல் லைடன் நகரில் இயற்பியலாளர் பீட்டர் சீமன், பாரடே இதை முயன்றிருந்ததைப் படித்தறிந்து, அப்படிப்பட்டவர் கருதியது மீண்டும் முயலத்தக்கதே என்று எண்ணி, நுண்ணிய கீற்றணியைக் கொண்டு அதே சோடியச் சுடரை நோக்கினார். காந்தம் இயங்கியதும் கோடுகள் அகன்றன.