காலை எட்டரை மணிப் புட்டி

ஐப்பசி, கார்த்திகையில் தமிழ் நாளிதழ்களின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும். நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை என ஊர்ப் பெயர்கள். எதிரே மில்லிமீட்டர் கணக்கில் எண்கள். அணை நீர்மட்டம் பார்க்க அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள்கூட இதன்மேல் கண்ணை ஓடவிட்டுப் போய்விடுவார்கள். நான் வரி வரியாகப் படிக்கிற ஆள். யாரோ ஒருவர் பூட்டைத் திறந்து, புட்டியை வெளியே எடுத்து, தண்ணீரை அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு கீழே கொட்டியதால் பிறந்த எண்கள் அவை.

அந்தப் புட்டி இருக்கும் கருவிக்கு மழைமானி என்று பெயர். மேலே வட்டமான வாய், அதற்குள் ஒரு புனல், புனலுக்குக் கீழே புட்டி, எல்லாவற்றையும் சுற்றி ஓர் உருளை. அவ்வளவுதான். இந்தியாவில் இப்போது பரவலாக இருப்பது கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்தது. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், அல்லது 100. வாய் அகலம், புனலின் துளை குறுகல். உள்ளே போன தண்ணீர் வெயிலில் ஆவியாகித் தப்பிவிடக் கூடாது என்பதற்காக.

மழையை ஏன் லிட்டரில் சொல்வதில்லை? பெய்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல், ஓடாமல், விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் மழை அளவு. பக்கச் சுவர் நேராக இருந்தால் அண்டாவை வைத்தாலும் டம்ளரை வைத்தாலும் உயரம் ஒன்றே. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் அது வெறும் 20 மில்லிலிட்டர், இருமல் மருந்துக் குப்பியின் மூடி இரண்டு தரம் நிறையும். அதே ஒரு மில்லிமீட்டர் ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். மூன்று மில்லிமீட்டர் பெய்துவிட்டால், கோடையில் சென்னைத் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்ற மாதிரி. இருந்தும், 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்த நாளை வானிலைத் துறை ‘மழை நாள்’ என்று ஏற்பதில்லை. நனைந்து வீடு திரும்பியவர் என்ன சொன்னாலும் சரி.

மறுமுனையில் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 946 மில்லிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெறுவதைவிட அதிகம். மேலே சொன்ன மழைமானியில் அவ்வளவும் விழுந்தால் கிட்டத்தட்ட 19 லிட்டர், வீட்டுக்கு வருகிற குடிநீர் கேன் அளவு. பத்து லிட்டர்ப் புட்டியும் பாதி வழியிலேயே நிறைந்து வழியும்.

மழைமானியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். மாடியில் வைத்தால் மரம் மறைக்காது, மாடு முட்டாது. ஆனால் கணக்கு தப்பும். 1769-இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் ஒன்று, பக்கத்து வீட்டுக் கூரையில் ஒன்று, தரையில் ஒன்று என மூன்று மழைமானிகள் வைத்துப் பார்த்ததாக எழுதினார். தேவாலய உச்சியில் சேர்ந்தது தரையில் சேர்ந்ததில் பாதிக்குச் சற்றே அதிகம். உயரம் கூடக் கூட மழை குறைகிறதா என்று பல பத்தாண்டுகள் குழம்பினார்கள். குற்றவாளி காற்று. உயரத்தில் காற்று வேகமாக வீசும். கருவியின் வாயருகே அது மேலெழும்பி, விழ வேண்டிய துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே இந்தியாவில் வாயின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே போனால் தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் பத்தடி மரம் இருந்தால் குறைந்தது இருபதடி தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். நமக்கெல்லாம் நாள் நள்ளிரவில் மாறுகிறது. மழைக்குக் காலை எட்டரைக்கு மாறுகிறது. உலக நேரத்தில் அது 3 மணி. எட்டரைக்கு அளக்கும் தண்ணீர், அளந்த தேதியின் பெயரில் ஏறும். ஜூன் 30 மாலை இடி மின்னலோடு கொட்டியது ஜூலைக் கணக்கில்தான் சேரும். இது வெறும் எழுத்தர் வேலை நுணுக்கம் என்று தோன்றலாம். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாத மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரே மாதத்தில் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டியது அபூர்வம்: 1918 நவம்பரில் 1,088, 2005 அக்டோபரில் 1,078, 2015 நவம்பரில் 1,049. கடைசி எண்ணைப் பார்த்ததும் ‘அந்த வெள்ளம்’ என்று தோன்றும். ஆனால் நகரத்தை மூழ்கடித்த டிசம்பர் 1 மழை அந்த எண்ணில் இல்லை. டிசம்பர் 2 காலை அளக்கப்பட்டு டிசம்பரில் ஏறியது. நவம்பர் முழுக்கக் குடித்துக் குளங்களும் ஏரிகளும் நிரம்பி நின்ற நேரத்தில் அது வந்தது. அன்றைய கணக்கில் தாம்பரம் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கம் 29. ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கிற இரண்டு இடங்கள். ஒரு மழைமானி, தான் நிற்கிற இடத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

ஆகவே நிறைய சாட்சிகள் வேண்டும். ஊர் ஊராக அளந்து, பகுதிவாரியாக எழுதிவைக்கும் யோசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அரசுப் பண்டகசாலையின் முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. வறண்ட நிலத்துக்கு 16 துரோணம் (அக்கால முகத்தல் அளவு), ஈர நிலத்துக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, அசுமக நாட்டுக்குப் பதின்மூன்றரை, அவந்திக்கு 23, மேற்குக் கடற்கரைக்கும் இமயத்தின் ஓரத்துக்கும் அளவில்லை என்று பட்டியல் போடுகிறது. மாதக் கணக்கும் உண்டு. மழைக்காலத்தின் முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலுமாகச் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு, நடு இரண்டு மாதங்களில் மீதி இரண்டு பங்கு பெய்தால் நல்ல மழையாம். இன்றைய சராசரியை வைத்துப் பார்த்தேன். தென்மேற்குப் பருவத்தில் நாடு முழுவதற்குமான மழை 868.6 மில்லிமீட்டர். இதில் ஜூலையும் ஆகஸ்டும் தருவது 62 விழுக்காடு. அர்த்தசாஸ்திரம் சொல்லும் மாதங்கள் நம் ஜூன், ஜூலையோடு நேராகப் பொருந்தாது, உண்மை. இருந்தாலும் அந்தக் கணக்கர் ஆகாயத்தைப் பார்த்துச் சும்மா எழுதியவர் இல்லை.

நம் பஞ்சாங்கம் இன்றும் ‘இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை’ என்று சொல்லிக் கடலுக்கும் மலைக்கும் பூமிக்கும் பங்கு பிரிக்கிறது. அது முன்கூட்டியே சொல்லப்படும் கணக்கு, யாரும் அளந்ததில்லை. அதைவிட எனக்கு நம்பிக்கையானது கரிசல்காட்டு விவசாயியின் ‘ஓர் உழவு மழை’. கலப்பை இறங்குகிற ஆழத்துக்கு ஈரம் போனதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்துச் சொல்வது. அதில் மண்ணின் குணமும் மழையின் வேகமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. மழைமானிக்கு அது தெரியாது.

நாடு தழுவிய கணக்குக்குப் பஞ்சமும் புயலும்தான் காரணம். 1864-இல் கல்கத்தாவைப் புயல் சிதைத்தது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகி ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, நாம் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் கொடுமை தொடங்கியது. மழை வருமா என்று முன்னதாகச் சொல்ல முடியுமா என்பது அரசுக்கு அப்போது உயிர்க்கேள்வி ஆயிற்று. இமயத்தில் பனி அதிகமானால் பருவமழை குறையும் என்று பிளான்ஃபோர்டு கணித்தார். 1886-இல் முதல் பருவ முன்னறிவிப்பு வெளியானது.

1904-இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். மேகத்தைவிட எண்களை நம்பினார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து மழை, காற்றழுத்தம், வெப்பம் ஆகியவற்றின் பழைய கணக்குகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட்டார். கணினி இல்லை, இந்திய எழுத்தர்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, தராசின் இரண்டு தட்டுகள் போல. இதைத் தெற்கத்திய அலைவு என்றார். காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. 1960-களில் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் அதைப் பெரு நாட்டுக் கடலோரம் வெதுவெதுப்பாகும் எல் நினோவோடு முடிச்சுப் போட்டார். ஏப்ரலில் தொலைக்காட்சியில் எல் நினோ என்று யாராவது பேசினால், அதன் ஒரு வேர் அந்த எழுத்தர்களின் மேசையில் இருக்கிறது.

இன்று நாடு 36 வானிலை உட்கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் பெய்தது எவ்வளவு, பெய்ய வேண்டியது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’தான், 20 குறைந்தால் ‘பற்றாக்குறை’, 60 குறைந்தால் ‘பெரும் பற்றாக்குறை’. ‘பெய்ய வேண்டியது’ என்பது இப்போது 1971 முதல் 2020 வரையான சராசரி. முன்பு வேறு ஐம்பது ஆண்டுகளை வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் பருவமழை சராசரி 88 சென்டிமீட்டர், இப்போது 87. அளவுகோலே சற்றுச் சுருங்கியிருக்கிறது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2023 போதும். அந்தப் பருவத்தில் நாடு முழுவதற்குமான பற்றாக்குறை 6 விழுக்காடு. கேட்டால் யாருக்கும் பதற்றம் வராது. மாதமாகப் பிரித்தால் ஜூலை 13 விழுக்காடு அதிகம், ஆகஸ்ட் 36 விழுக்காடு குறைவு, செப்டம்பர் மறுபடி 13 அதிகம். 1901-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இந்தியாவில் இல்லை. பூக்கிற நேரத்தில் காய்ந்த பயிருக்குச் செப்டம்பர் மழை வந்து என்ன ஆகப்போகிறது? பகுதியாகப் பிரித்தால் இன்னொரு படம்: கேரளத்தில் பற்றாக்குறை 34 விழுக்காடு. உட்கோட்டத்துக்குள்ளும் இதே கதைதான். மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். மலைக்கு அந்தப் பக்கம் புனேயில் 700 ஒட்டித்தான். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் ஒரே உட்கோட்டம் என்பதால், தேவாலாவின் ஆடி மழையும் இராமநாதபுரத்தின் ஆடிக் காற்றும் ஒரே எண்ணுக்குள் அடைபடுகின்றன.

உச்சம் எது என்று கேட்பவர்களுக்குச் சிரபுஞ்சி. 1861 ஜூலை ஒன்றில் மட்டும் 9,300 மில்லிமீட்டர். 1860 ஆகஸ்டிலிருந்து அந்த ஜூலை வரையான பன்னிரண்டு மாதங்களில் 26,461. உலகச் சாதனையாக இரண்டும் இன்னும் நிற்கின்றன.

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லாக் கருவிகளும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அதற்கு உழைத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். 1948-இல் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தபோது பல கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்ய வழி பண்ணினார்.

இப்போது தானியங்கி மழைமானிகள் நிறைய வந்துவிட்டன. புனலுக்குக் கீழே இரண்டு சிறு கரண்டிகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். கவிழ்ந்த எண்ணிக்கையை மின்னணுப் பெட்டி குறித்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு எவ்வளவு வேகத்தில் பெய்தது என்றும் தெரியும். ஆனால் பெருமழையில் ஒரு கரண்டி கவிழ்கிற கணத்தில் விழுவது கணக்கில் தப்பும். புனலில் ஒரு வேப்பிலை அடைத்தால் வெளியே ஊரே மிதந்தாலும் பெட்டி ‘மழை இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பூட்டும் புட்டியும் இன்னும் கைவிடப்படாததற்கு இது ஒரு காரணம்.

புட்டிக்காரருக்குக் கடினமான காலம் மழைக்காலம் அல்ல, கோடை. சித்திரையில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதும் எட்டரைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, காய்ந்த புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு 0.0 என்று எழுத வேண்டும். இரண்டு துளி பட்டு அளக்க முடியாமல் இருந்தால் அதற்கென்று ஒரு குறி உண்டு. மழைதான் இல்லையே என்று கட்டத்தை வெறுமனே விட்டால், பின்னாளில் கணக்குப் பார்ப்பவர் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ள மாட்டார். அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.