வெப்பத் தாக்கம்: ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கையில் இருக்கும் நிமிடங்கள்

மாணவர்களே, நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் வெயில் கொளுத்தும் மாதங்கள் உண்டு. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.5 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயிலின் கடுமையை நன்றாகவே உணரலாம். குறுக்கோட்டப் பயிற்சி, திடலில் அணிவகுப்பு, பங்குனி உத்திரக் காவடி என வெளியில் நெடுநேரம் நிற்கும் வேலைகளும் இந்த மாதங்களில் வந்து சேர்கின்றன.

இப்படிப்பட்ட நாள்களில் திடலில் ஒருவர் மயங்கி விழுந்தால் 999ஐ அழைக்கிறோம். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை என்ன செய்வது? அவசர மருத்துவக் குழுவினர் இதற்குச் சொல்லும் விடை பலரை வியக்க வைக்கும்: “முதலில் குளிர வையுங்கள், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம்.” இதற்கான காரணம் நம் உடலின் இயற்பியலில் இருக்கிறது.

உடல் ஓர் எந்திரம் என்றால்…

நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் வேகமாக ஓடும்போது, அவர் உடல் ஏறக்குறைய 600 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மனித உடலின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3.5 கிலோ ஜூல் வெப்பம் தேவை. ஆக 50 கிலோவுக்கு 175 கிலோ ஜூல் தேவை. 600 வாட் என்பது ஒரு விநாடிக்கு 600 ஜூல். அந்த வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், ஏறக்குறைய 5 நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடாகும். கால் மணி நேரத்தில் 37 டிகிரி 40 ஆகிவிடும்!

அப்படி ஆகாமல் நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 600 வாட் வெப்பத்தை ஈடுகட்ட ஒரு மணி நேரத்தில் 0.9 லிட்டர் வியர்வை ஆவியானால் போதும். இங்கே “ஆவியானால்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிரச் செய்வதில்லை. அதில் நீரும் உப்பும்தான் வீணாகின்றன.

ஜொகூரின் புழுக்கம்

மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் அது பதிவானது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஜொகூரில் வெப்பமானி அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. அதனால் நமக்கு ஆபத்து குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

கடல் காற்றில் ஈரப்பதம் அதிகம். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பநிலை 32 டிகிரியாகவும் ஈரப்பதம் 70 விழுக்காடாகவும் இருந்தால், நிழலில் இருப்பவருக்குக்கூட அது ஏறக்குறைய 41 டிகிரி போலத் தோன்றும் என்கிறது வெப்பக் குறியீட்டு அட்டவணை. ஜொகூர் மாணவர்களுக்கு இது ஒரு சாதாரணப் பிற்பகல்தான்!

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலைகளாக வெளியிடுகிறது. நாளின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்களுக்காவது 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை, 37 முதல் 40 வரை என்றால் வெப்ப அலை எனப்படும் இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. 2023இல் வெயில் கடுமையானபோது வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும்படி கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு அறிவித்தது. அந்த ஆண்டு கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவனும், 2024இல் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவரும் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தனர். வயதானவர்களை மட்டும் தாக்கும் நோய் இது என்ற எண்ணம் தவறு.

மூன்று படிகள்

வெப்பத்தால் வரும் பாதிப்பை மூன்று படிகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, தசைப்பிடிப்பு. நீரும் உப்பும் குறைவதாலும் தசை களைப்பதாலும் கெண்டைக்காலிலோ வயிற்றிலோ தசை இழுத்துக்கொள்ளும். நிழலில் உட்கார்ந்து, தசையை மெல்ல நீட்டிவிட்டு, உப்புச் சேர்த்த நீர் அல்லது மோர் பருகினால் சரியாகும்.

இரண்டாவது, வெப்பச் சோர்வு. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மிகுந்த வியர்வை, வெளிறிய தோல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த நிலையில் மனம் தெளிவாகவே இருக்கும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரும். நிழல், தண்ணீர், ஓய்வு கிடைத்தால் அரை மணி நேரத்திற்குள் தேறத் தொடங்குவார். தேறாவிட்டால் மருத்துவ உதவி வேண்டும்.

மூன்றாவது, வெப்பத் தாக்கம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கும் நிலை இது. உளறுவார், நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவார், காரணமில்லாமல் கோபப்படுவார், வலிப்பு வரலாம், மயங்கி விழலாம். “இன்று என்ன கிழமை? நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை குழம்பினால் அதை அவசர நிலையாகக் கருதுங்கள்.

வெப்பத் தாக்கம் வந்தால் வியர்வை நின்று தோல் வறண்டுவிடும் என்று பலரும் படித்திருப்போம். வெயிலிலும் புழுக்கமான வீட்டிலும் நாள்கணக்கில் வாடும் முதியவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. ஓடி விளையாடும்போது தாக்கப்படும் இளையோருக்கோ பெரும்பாலும் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். எனவே வியர்வையை அளவுகோலாக வைக்காமல் நடத்தையைப் பாருங்கள்.

ஏன் முதலில் குளிர்விக்க வேண்டும்?

40 டிகிரிக்கு மேல் உடல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிரணுக்களின் புரதங்களைச் சிதைக்கிறது. மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படுகின்றன. எவ்வளவு உயரம் ஏறியது என்பதைவிட, எவ்வளவு நேரம் அந்த உயரத்தில் நின்றது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. மயங்கி விழுந்த அரை மணி நேரத்திற்குள் உள்வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த இலக்கு. ஆம்புலன்ஸ் வரும் நேரமும் மருத்துவமனைக்குப் போகும் நேரமும் சேர்ந்தால் அந்த அரை மணி நேரம் சாலையிலேயே கரைந்துவிடும்.

இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் நடக்கும் பால்மத் ஓட்டப்பந்தயம். தூரம் 11 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். 18 பந்தயங்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வெப்பத் தாக்கத்திற்கு ஆளானவர்கள் 274 பேர். அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள்! காரணம், பந்தயம் முடியும் இடத்திலேயே பனிக்கட்டி நீர்த் தொட்டிகள் தயாராக இருந்தன. அந்த நீரில் உடல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 0.2 டிகிரி குளிர்கிறது. 41.5 டிகிரியிலிருந்து 39க்கு இறங்கப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்கள் போதும்.

திடலில் என்ன செய்யலாம்?

நம் பள்ளியில் அப்படிப்பட்ட தொட்டி இருக்காது. ஆனால் குழாய், வாளி, சிற்றுண்டிச்சாலையில் பனிக்கட்டி எல்லாம் இருக்கும். இப்படிச் செயல்படலாம்.

1. ஆசிரியரை உடனே அழையுங்கள். ஒருவர் 999ஐ அழைக்கட்டும். கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அதே சேவைதான் கிடைக்கும். அழைப்பை எடுப்பவரிடம் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சொன்னால் மருத்துவ மையத்திற்கு இணைப்பார். பள்ளியின் பெயர், சாலை, எந்த நுழைவாயில், பாதிக்கப்பட்டவர் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்பவற்றைச் சொல்லுங்கள். நீங்களாக இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

2. நண்பரை நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். காலணி, காலுறை, தொப்பி, கனமான சீருடைச் சட்டை ஆகியவற்றைக் கழற்றுங்கள்.

3. உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாய் நீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 41 டிகிரி உடலுக்கு அதுவும் குளிர்ந்த நீர்தான். அட்டை, கோப்பு, துண்டு என எது கிடைத்தாலும் விசிறுங்கள். காற்று ஓடினால்தான் நீர் ஆவியாகும்.

4. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். தார்ப்பாய் இருந்தால் அதில் அவரைப் படுக்க வைத்து, பலர் சேர்ந்து ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, நீரும் பனிக்கட்டியும் கொட்டி அசைத்தால் அதுவே ஒரு தொட்டியாகிவிடும். முகம் எப்போதும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

5. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் இதய இயக்க மீட்பு சிகிச்சை தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

6. ஒரு மாணவர் நுழைவாயிலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும். பெரிய பள்ளிகளில் இது சில நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

பாராசிட்டமால் கொடுக்கலாமா? கூடாது. காய்ச்சலின்போது மூளை தன் வெப்ப அளவைத் தானே உயர்த்தி வைக்கிறது. அந்த மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பத் தாக்கத்தில் மூளை எதையும் உயர்த்தவில்லை. வெளியேற வழியில்லாமல் வெப்பம் உள்ளே தேங்கியிருக்கிறது. எனவே மாத்திரையால் பயன் இல்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரலுக்கு அது சுமையாகலாம்.

வருமுன் காப்போம்

கடும் பயிற்சியை ஒரே நாளில் தொடங்காதீர்கள். உடல் வெப்பத்திற்குப் பழக 7 முதல் 14 நாள்கள் ஆகும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் வாரம் கவனம் தேவைப்படும் வாரம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், முந்திய இரவு சரியாகத் தூங்காவிட்டால், அன்று ஓட வேண்டாம் என்று ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பயிற்சியைக் காலையிலேயே முடிப்பது நல்லது. 15 முதல் 20 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு குவளை நீர் பருகுங்கள். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டாம். இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதுமான அளவில் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பிற்பகலில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் தம்பி தங்கையை ஐந்து நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் 22 டிகிரி வரை ஏறியதையும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறியதையும் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

நினைவில் கொள்க: நடத்தை குழம்பினால் அவசர நிலை. 999ஐ அழையுங்கள். அழைத்துவிட்டுக் காத்திருக்காமல், தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள்.