துவிச்சக்கரவண்டியும் ஒரு தந்தையின் மானமும்

திரைப்படம் என்பது மூன்று மணி நேரம் கவலையை மறந்திருப்பதற்கான சாதனம் என்றே நம்மவருட் பெரும்பாலோர் கருதி வந்துள்ளோம். அதிற் குற்றங் காண்பது எமது நோக்கமன்று. பகல் முழுவதும் அந்நிய மொழியோடு அல்லற்பட்டு வீடு திரும்புபவர் மாலையிற் பாட்டும் சண்டையும் பார்க்க விரும்புவதில் வியப்பென்ன? ஆயினும், விட்டோரியோ டி சிக்கா நெறிப்படுத்தி 1948 ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த 'துவிச்சக்கரவண்டித் திருடர்கள்' என்னும் படத்தை எம்மவர் ஒரு தடவையேனும் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்தல் வேண்டும் என்பது எமது ஆவல்.

கதை மிகச் சிறியது. போருக்குப் பிந்திய ரோம் நகரில், வேலையற்றோர் கூட்டத்தில் ஒருவனான அன்ரோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. சொந்தத் துவிச்சக்கரவண்டி இருந்தால்தான் வேலை, வண்டியோ அடைவுகடையில். மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடைவு வைத்து அதனை மீட்கின்றாள். முதல் நாளே வண்டி களவு போகின்றது. தந்தையும் சிறுவன் புறூனோவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடி அலைகின்றனர். 1990 இன் பின் எரிபொருள் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்குத் துவிச்சக்கரவண்டி எத்தகைய சொத்து என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடைவுகடைக் காட்சியைக் கவனியுங்கள். மரியாவின் விரிப்புப் பொதியைச் சுமந்துகொண்டு ஊழியர் ஒருவர் தட்டுகளின் மேல் ஏறுகின்றார். கமரா அவரைப் பின்தொடர்கின்றது. மேலே, மேலே, எங்கும் அதே போன்ற பொதிகள். அந்நகரத்தில் எத்தனை குடும்பங்கள் விரிப்பின்றி உறங்குகின்றன என்பது ஒரு சொல்லும் இன்றித் தெரிந்துவிடுகின்றது. நம் படங்களாயின் கதாநாயகன் இவ்விடத்தில் ஒரு பிரசங்கமே நிகழ்த்தியிருப்பான்! வண்டி களவு போகும்போது அன்ரோனியோ ஒட்டிக்கொண்டிருப்பது ஹொலிவூட் நடிகை ரீற்றா ஹேவேர்த்தின் சுவரொட்டி. இதற்கும் விளக்கம் எதுவும் கூறப்படுவதில்லை.

நடித்தவர்களும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அன்ரோனியோவாக வந்த லம்பேர்ட்டோ மஜோரானி ஓர் ஆலைத் தொழிலாளி. படம் முடிந்தபின் அவரும் தம் வேலையை இழந்தார் என்பது கசப்பான செய்தி. 1950 இல் இலண்டனில் இப்படத்தைக் கண்ட சத்யஜித் ரே, தாமும் இவ்வாறே படம் எடுப்பதென உறுதி கொண்டார். 1955 இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது.

ஆனால் எம்மை இப்படத்திடம் மீண்டும் மீண்டும் அழைப்பவன் அந்தச் சிறுவனே. களைப்பிலும் கோபத்திலும் தந்தை அவனை அறைந்துவிடுகின்றார். பின்னர் சமாதானமாக உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே அடுத்த மேசைச் செல்வந்தச் சிறுவனை ஓரக்கண்ணாற் பார்த்தவாறே புறூனோ உண்கின்றான். இறுதியில், விளையாட்டரங்கின் அருகே, மகனை டிராம் ஏறிப் போகும்படி அனுப்பிவிட்டுத் தந்தையே ஒரு வண்டியைத் திருட முனைகின்றார். டிராமைத் தவறவிட்ட மகன் கண்டுவிடுகின்றான். கூட்டம் தந்தையைப் பிடித்து அடிக்கின்றது. அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டு வண்டிக்காரர் மன்னித்து விடுகின்றார். புறூனோ கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகின்றான். நடந்து செல்கையில் தந்தையின் கையைப் பற்றிக்கொள்கின்றான்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நாம், இந்நாட்டு அலுவலகங்களில் வேறொரு காட்சியைக் காண்கின்றோம். தந்தை வாய்பேசாது நிற்க, பத்து வயதுப் பிள்ளை அதிகாரிக்கும் அவருக்கும் இடையே மொழிபெயர்க்கின்றது. ஊரில் பலர் எழுந்து நின்று மரியாதை செய்த மனிதராக அவர் இருந்திருக்கலாம். அன்று வீடு திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்த மௌனத்தை டி சிக்கா அறிந்திருக்கின்றார். கமராவைப் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்த்தி, தந்தையின் முகத்தை அங்கிருந்து பார்க்கச் செய்கின்றார்.

பல நகர நூலகங்களில் இப்படத்தின் பிரதி உண்டு. வசனம் குறைவாதலால் தொடர்வது கடினமன்று. திரையின் அடியில் வரும் எழுத்துகளைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும்.