கண்டி ஏற்றத்தில் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள்

1970களில் ஹொண்டா நிறுவனம் உருவாக்கிய, பத்து அங்குலச் சக்கரங்களையும் மூன்று கியர்களையும் கொண்ட சாலி என்னும் குட்டி மோட்டார் சைக்கிளை ஹந்தானை, கடுகண்ணாவை ஏற்றங்களுக்கேற்ப வலுவூட்ட விரும்புவோர் ஓசை கூடிய சைலன்சரை நாடுவதுண்டு; ஆயினும் 49 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் அதனால் கிடைக்கும் இழுவை அற்பமே. எஞ்சினின் சுழற்சியைச் செயினுக்குக் கடத்தும் முன் பற்சக்கரத்தை மாற்றுவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும். 14 பற்கள் உள்ளதைக் கழற்றி 13 பற்கள் உள்ளதைப் பூட்டினால், உச்ச வேகம் குறைந்தாலும், பின்சக்கரத்தின் இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். வளைவுகளே வேகத்தைத் தீர்மானிக்கும் மலைப்பாதையில் அது ஓர் இழப்பேயன்று.

அடுத்தது சிலிண்டர். சாலியின் 50, 70 கன சென்ரிமீற்றர் எனப்படும் இருவகை எஞ்சின்களிலும் பிஸ்டன் சென்றுவரும் தூரம் 41.4 மில்லிமீற்றராகவே இருப்பதால், 39 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டருக்குப் பதிலாக 47 மில்லிமீற்றர் உள்ளதையும் அதற்குரிய பிஸ்டனையும் தலைப்பகுதியையும் பொருத்தி 72 கன சென்ரிமீற்றர் கொள்ளளவைப் பெறலாம். அப்போது பெற்றோலை அளந்துவிடும் நுண்துளையான கார்புரேட்டர் ஜெட்டையும் பெரிதாக்காவிடில், கலவையில் பெற்றோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடக்கூடும். கொள்ளளவு மாற்றம் வாகனப் பதிவையும் தொடுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்னரே விசாரிப்பது அவசியம்.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செலவிட வேண்டியது பிரேக்குக்கே. கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைப் பக்கம் இறங்குகையில் பிரேக்கை விடாது அழுத்தினால், சிறிய டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். அதைக் கழற்றிப் பார்க்கையில் பிரேக் கட்டையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கினால், கட்டைகளை மாற்றாமல் எஞ்சினைத் தொடவே கூடாது.