பன்னிரண்டு பத்துக்கு வரும் உச்சி

ஒவ்வோர் ஆண்டும் சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது வளிமண்டலவியல் திணைக்களம் ஓர் அறிவித்தல் விடும். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தெற்கே தேவேந்திரமுனைப் பக்கம் சூரியன் உச்சம் கொடுக்கத் தொடங்கி, பத்து நாளுக்குள் தீவின் வடமுனையையும் கடந்துவிடும் என்பது அதன் சாரம். மன்னார் - பூநகரி வீதியில், விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் நடுவே இருக்கும் இலுப்பைக்கடவைக்கு அந்த உச்சம் ஏப்ரல் 13ஐ ஒட்டி வருகிறது. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும்.

ஏப்ரல் 13 பாடசாலை விடுமுறை நாள்தான். அதனால் என்ன, வீட்டு வளவே போதும். ஒரு மீற்றர் உயரக் கம்பு ஒன்றை நட்டு, பதினொன்றரை மணி தொடக்கம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து, அளந்து, கொப்பியில் எழுதிவரும் தரம் 8 பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? மணிக்கூடு பன்னிரண்டைக் காட்டும்போது நிழல் மறைந்திருக்காது. நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக மேற்குப் பக்கம் விழுந்திருக்கும். 12.10 அளவில் கம்பின் அடிக்குள் அடங்கிவிடும். 12.20க்கு மறுபடியும் அதே நான்கு சென்ரிமீற்றர் சொச்சம், இம்முறை கிழக்கே.

பிள்ளைக்கு இப்போது பெரிய சங்கடம். உச்சி வெயில் என்றால் பன்னிரண்டு மணி என்றுதான் ஊர் முழுக்கச் சொல்கிறது. அந்தப் பத்து நிமிடம் தன்னுடைய பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்று அது நினைக்கும். அழிறப்பரை எடுத்து, 12.00க்கு நேரே பூச்சியம் என்று எழுதிவிட்டால் ஆசிரியரிடம் ‘சரி’ அடையாளம் கிடைத்துவிடும். நமது பாடசாலைகளில் விஞ்ஞானம் தோற்றுப்போகும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை என்று வருந்துகிறோம். அந்த வருத்தமும் நியாயமானதுதான். ஆனால் தன் கண்ணால் கண்ட அளவைத் தானே அழிக்கப் பழகிய பிள்ளைக்கு எத்தனை உபகரணம் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

அந்தப் பத்து நிமிடத்தை அழிக்காமல் விட்டுப் பார்ப்போம். இலங்கையின் நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையை ஆதாரமாகக் கொண்டது. அந்தக் கோடு நமது தீவையே தொடுவதில்லை. கிழக்குக் கரைக்கும் அப்பால் கடலில் போகிறது. இலுப்பைக்கடவை ஏறத்தாழ 80.1 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். இடைவெளி 2.4 பாகை என்றால் ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் மணிக்கூட்டுக்கு அரை நிமிடமளவு பிந்தியும் வரும். இரண்டையும் கூட்டினால் 12.10. பிள்ளை பிழை என்று நினைத்த அந்த எண்ணுக்குள் தன் ஊர் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற செய்தி ஒளிந்திருந்தது.

இந்தக் கரையில் இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு கனமும் உண்டு. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணமாகக் கொண்டு அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் நாடு பழையபடி கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு மன்னாரிலிருந்து உயிலங்குளம் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பவேண்டியிருந்தது.

2003 ஏப்ரலில் மன்னார் நகரத்தில் ஒரு பிள்ளையும் இலுப்பைக்கடவையில் ஒரு பிள்ளையும் இதே கம்பை நட்டிருந்தால், ஒருவரின் கொப்பியில் உச்சி 12.40க்கும் மற்றவரின் கொப்பியில் 12.10க்கும் வந்திருக்கும். இரண்டும் உண்மையான அளவீடுகள். சூரியன் இரண்டு இடத்துக்கும் ஏறத்தாழ ஒரே கணத்தில்தான் உச்சம் கொடுத்தது. இன்றைக்கு அந்த இரண்டு கொப்பிகளும் யாராவது ஒருவர் கைக்குக் கிடைத்து, எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது என்ற குறிப்பு மட்டும் இல்லாமற் போனால், அவர் எவ்வளவு தப்பான முடிவுகளுக்கெல்லாம் போகக்கூடும்! அட்டவணைக்கு மேலே ‘யார், எங்கே, எதனால், எந்த மணிக்கூட்டின்படி’ என்று ஒரு வரி எழுதுவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த வரி இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அந்த எண்களுக்குப் பொருளே இருக்காது.

அதே நிழல் அட்டவணையை வைத்து வரைபு கீறும்போது நடக்கும் அழகான காரியம் ஒன்றைப் பல ஆசிரியர்கள் தவறவிடுகிறார்கள். நேரத்தைக் கிடையச்சிலும் நிழலின் நீளத்தை நிலையச்சிலும் போட்டால் புள்ளிகள் இறங்கி, பூச்சியத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். ‘புள்ளிகளுக்கு நடுவே சிறந்த நேர்கோடு கீறுக’ என்றே பழகிய பிள்ளை இதற்குள்ளும் ஒரு நேர்கோட்டை இழுத்துவிட்டால் விஷயமே கெட்டுப்போகும். ஆனால் மேற்கே விழுந்த நிழலுக்கு மறைக்குறி, கிழக்கே விழுந்த நிழலுக்கு நேர்க்குறி என்று கொடுத்துப் பாருங்கள். 11.50க்கு மறை எட்டரை, 12.00க்கு மறை நான்கு சொச்சம், 12.20க்கு நேர் நான்கு சொச்சம், 12.30க்கு நேர் எட்டரை என்று எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோடு அச்சை வெட்டும் இடம்தான் உச்சி நேரம். ஒரேயொரு வாசிப்பை நம்பியிராமல் எல்லா வாசிப்புகளும் சேர்ந்து அந்த நேரத்தைச் சொல்கின்றன. சரியாக 12.10க்கு ஒரு முகில் வந்து வெயிலை மறைத்துவிட்டாலும் கவலையில்லை.

வழுவைப் பற்றியும் பேசவேண்டும். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமான வட்டம். ஆகவே ஒரு மீற்றர் கம்பின் நிழல் நுனி கூராக இராது. ஒன்பது மில்லிமீற்றர் அளவுக்கு மங்கிக் கிடக்கும். அந்த மங்கலில் எதை நுனி என்று எடுப்பது? இரண்டு பிள்ளைகள் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள், இருவரிலும் பிழையில்லை. கம்பு ஒரு பாகை சரிந்து நின்றாலோ நுனி பதினேழு மில்லிமீற்றர் தள்ளிப்போய்விடும். இது வேறு வகை வழு. மங்கலால் வரும் வழு ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் விழும், பல வாசிப்புகளின் சராசரியில் தேய்ந்துபோகும். சரிந்த கம்பின் வழு எத்தனை தடவை அளந்தாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். மேசன்மாரிடம் ஒரு குண்டுநூலை இரவல் வாங்கிக் கம்பை நிமிர்த்தினால்தான் அது போகும்.

இந்த அறிவோடு ஏப்ரல் 5ஐ நினைத்துப் பாருங்கள். அன்று தேவேந்திரமுனையில் உச்சி நேரத்தில் நிழல் இல்லை. அதே வேளையில் இலுப்பைக்கடவையில் ஒரு மீற்றர் கம்புக்கு ஏறத்தாழ ஐந்தரை சென்ரிமீற்றர் நிழல் வடக்கே விழும். கோணம் 3.15 பாகை. இரண்டு இடங்களுக்கும் வடக்குத் தெற்காக 350 கிலோமீற்றர். 360 பாகைக்குக் கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் என்று வருகிறது. இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எகிப்தில் எரடொஸ்தெனிஸ் செய்த அதே கணக்கு. ஆனால் ஒரு பிள்ளை மங்கலின் வெளிவிளிம்பைப் பிடித்து ஆறு சென்ரிமீற்றர் என்று அளந்தால் விடை 36,700 ஆகும். உள்விளிம்பைப் பிடித்து ஐந்து என்று அளந்தால் 44,000. ஆகவே அந்தக் கம்பால் சொல்லக்கூடிய நேர்மையான விடை ‘ஏறத்தாழ 40,000, நாலாயிரம் கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்பதுதான். 36,700 என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர், அந்தப் பிள்ளை செய்த நல்ல வேலையைத் தண்டிக்கிறார். 40,075 என்று எழுதிக் கொடுத்த பிள்ளை அந்த எண்ணைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கும்.

மாரிகாலம் வந்துவிட்டால் இன்னொரு பாடம் திறக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழைதான் இந்தக் கரையின் பிரதான மழை. சோடாப் போத்தல் ஒன்றின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி தயார். அடியில் இருக்கும் மேடுபள்ளத்தைச் சீமெந்தாலோ, குறியிட்ட மட்டம் வரை நீராலோ நிரப்பிச் சமப்படுத்தவேண்டும். அதை மறந்தால் சின்ன மழைகளெல்லாம் பிழையாக வரும். இலங்கையின் வானிலை நிலையங்கள் காலை 8.30க்கு மழையை அளக்கின்றன. பாடசாலையும் அதையே பின்பற்றலாம்.

ஒரு தவணை முழுவதும் இப்படி அளந்து நாள்வாரியாகச் சலாகை வரைபு கீறினால், திங்கட்கிழமைகள் மற்ற நாட்களைவிட உயர்ந்து நிற்கும். வானத்துக்குக் கிழமை தெரியாது. சனி, ஞாயிறு பாடசாலை பூட்டு. வெள்ளி காலையிலிருந்து பெய்த மூன்று நாள் மழை திங்களன்று ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குத் தரவு என்றால் என்ன என்பது ஒரு நாளும் மறக்காது. சனி, ஞாயிறுக்கு நேரே என்ன எழுதுவது என்பது அடுத்த கேள்வி. பூச்சியம் என்று எழுதக்கூடாது. பூச்சியம் என்றால் பார்த்தோம், மழை இல்லை. வெறுமையாக விட்டால் பார்க்கவில்லை. இவை இரண்டையும் ஒன்றாகக் கலந்த அட்டவணையிலிருந்து எடுக்கும் சராசரி எதற்கும் உதவாது.

எல்லா எண்ணையும் விட்டுத் தனியே எகிறி நிற்கும் ஒரு வாசிப்பை என்ன செய்வது? 2020 டிசம்பர் 2 இரவு ‘புரெவி’ புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார்ப் பக்கமாக வளைகுடாவுக்குள் இறங்கியது. அப்படிப்பட்ட நாளின் மழை எந்த வரைபிலும் அந்நியமாகத்தான் தெரியும். போத்தல் கவிழ்ந்ததா, யாரும் விளையாட்டாக நீர் ஊற்றினார்களா என்று விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். ஆனால் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் வெட்டக்கூடாது. அந்தாட்டிக்காவின் ஹலி நிலையத்தில் ஓசோன் அளவு நம்பமுடியாதபடி குறைந்திருப்பதை 1985இல் ஜோ ஃபார்மனும் பிரையன் கார்டினரும் ஜொனதன் ஷாங்க்ளினும் வெளியிட்டார்கள். அதே குறைவு நாசாவின் செய்மதித் தரவிலும் இருந்தது. அளவுக்கு மீறிக் குறைந்த வாசிப்புகளைச் சந்தேகத்துக்குரியவை என்று கணினி நிரல் ஒதுக்கி வைத்திருந்தது. தரையில் நின்று பழைய கருவியால் 1957 முதல் விடாமல் அளந்த குழுவின் கொப்பிதான் முந்திக்கொண்டது. சிறிய இடத்தில், எளிய கருவியால், தொடர்ந்து அளப்பவரை நான் மதிப்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நமது உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செயன்முறையை ஒட்டியே வருகின்றன. கருவியைத் தொடாமலே அவற்றுக்கு விடை எழுதப் பழகிய பிள்ளைகள் ஏராளம். ‘ஏன் பல வாசிப்புகள் எடுக்கவேண்டும்?’ ‘வழுவைக் குறைக்க.’ ரியூசன் கொட்டிலில் இந்த விடை மனனமாகிவிடும். எந்த வழு, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் மௌனம். பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். ‘சரியான விடை வந்ததா?’ என்று கேட்கும் வகுப்பறையில் அவர்கள் கற்றுக்கொள்வது அதைத்தான். ‘உன் அட்டவணை எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல முடியாது?’ என்று கேட்க ஒரு ரூபாயும் செலவில்லை.

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தின் சொந்தத் தரவு ஒன்று இருக்கிறது. எந்த ஆசிரியரும் வகுப்பில் பயன்படுத்தலாம். மன்னார் முத்துக்குளிப்பின் பழைய பதிவுகள் அவை. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைக்கு எதிரே இருந்த முத்துப் பார்களில் 1892 முதல் 1902 வரை குளிப்பே நடக்கவில்லை. 1902இல் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து வில்லியம் ஹேர்ட்மன் வந்து, ஜேம்ஸ் ஹோர்னலின் துணையோடு பார்களை ஆராய்ந்தார். 1903இல் சிப்பி கிடைத்தது. 1904இலும் கிடைத்தது. 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1906இல் இலண்டன் கம்பனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு இருபது வருடக் குத்தகை எடுத்தது.

முதலில் அந்த மூன்று வருடங்களை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து வரைபு கீறச் சொல்லவேண்டும். கோடு மேலே போகும். கையிலுள்ள அடிமட்டம் அதை இன்னும் நீட்டச் சொல்லும். பிறகு ஒல்லாந்தர் காலத்திலிருந்து இருக்கும் நீண்ட பதிவைக் கொடுக்கவேண்டும்: 1768 முதல் 1796 வரை ஒன்றுமில்லை, 1837 முதல் 1854 வரை ஒன்றுமில்லை, 1892 முதல் பத்தாண்டுக்கு மேல் ஒன்றுமில்லை. இப்போது அதே மூன்று புள்ளிகள் எப்படித் தெரிகின்றன? குத்தகை எடுத்தவர்களுக்கும் இந்தப் பதிவு கிடைக்கக்கூடியதாகவே இருந்தது.

முத்து எப்படி உண்டாகிறது என்பதிலும் ஹேர்ட்மனின் ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு இருந்தது. சிப்பிக்குள் நாடாப்புழுவின் குடம்பிகள் நிறையக் காணப்பட்டன, அவையே முத்துக்கு மூலம் என்றார்கள். 1912இல் லிஸ்டர் ஜேம்சன் அதை மறுத்தார். புழுவும் முத்தும் ஒரே சிப்பிக்குள் இருப்பது ஒரு தரவு. புழுவால் முத்து வந்தது என்பது வேறொரு கூற்று. இரண்டுக்கும் நடுவே இன்னும் பல பரிசோதனைகள் தேவைப்பட்டன.

1907 குளிப்போடு பார்கள் மறுபடி வெறுமையாயின. இருபது வருடம் முடியும் முன்பே கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த குளிப்பு 1925இல்தான் நடந்தது. வகுப்பில் கடைசியாக ஒரு கேள்வி கேட்கலாம்: 1906இல் நீங்கள் கையொப்பம் இடவேண்டியவராக இருந்தால், எத்தனை வருடக் குத்தகைக்குச் சம்மதித்திருப்பீர்கள், எந்தப் புள்ளிகளை வைத்து? ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் பல விதமான எண்கள் வரும். அவர்கள் தங்கள் எண்ணை விட்டுக்கொடுக்காமல் ஒருவரோடொருவர் வாதாடட்டும். அந்தப் பாடவேளைக்கு மணி அடித்தாலும் ஆசிரியர் அவசரப்பட்டு விடை சொல்லவேண்டாம்.