சீட்டுக்கட்டைக் கட்டுவதும் ஆட்டம்தான்

ரம்மி சூதாட்டமா, திறமை ஆட்டமா என்ற வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் திறமையின் பக்கம் நின்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடித்துவைப்பது, எதை இறக்குவது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது அது சொன்ன காரணம். சட்டத்துக்கு இப்படி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டிய கட்டாயம் உண்டு. நமக்கு இல்லை. ஆனாலும் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் ஒரே தராசின் இரு தட்டுகளாகத்தான் நினைக்கிறோம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்று நம்புகிறோம். 1993-ல் 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டத்தை வடிவமைத்த கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு இதை ஏற்கவில்லை. சதுரங்கம் ஆடி முடித்ததும் ஒரு பகடையை உருட்டுங்கள், 1 விழுந்தால் தோற்றவரே வென்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார் அவர். இப்போது ஆட்டத்தில் அதிர்ஷ்டம் புகுந்துவிட்டது. ஆனால் காய் நகர்த்தத் தேவைப்படும் அறிவு ஓர் இம்மியும் குறையவில்லை.

மேஜிக்கில் அந்தப் பகடை ஆட்டத்தின் கடைசியில் வருவதில்லை, உள்ளேயே இருக்கிறது. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு. இங்கே அவரவர் கட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை லேண்ட் தவிர எந்தச் சீட்டும் நான்கு பிரதிக்கு மேல் கூடாது. லேண்ட் என்பது மானா தரும் சீட்டு. மானாவைச் செலவழித்தால்தான் மற்ற சீட்டுகளை இறக்க முடியும். 60-க்கு 24 லேண்ட் வைப்பது பரவலான வழக்கம். அப்படி வைத்தால் முதலில் எடுக்கும் ஏழு சீட்டில் லேண்டே இல்லாமலோ, ஒன்றே ஒன்றோ வருவதற்கான வாய்ப்பு 14 சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது ஏழு ஆட்டத்துக்கு ஒருமுறை. கை சரியில்லை என்றால் முல்லிகன் செய்யலாம்: மறுபடி கலைத்து ஏழு எடுத்து, அதில் வேண்டாத ஒன்றைக் கட்டின் அடியில் செருக வேண்டும். 2019-ல் வந்த விதி இது. லேண்டைக் கூட்டினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் பிற்பாதியில் தாக்கச் சீட்டு இல்லாமல் லேண்டாகவே வந்து குவியும். மலிவான சீட்டுகளால் வேகமாகத் தாக்கும் கட்டுக்கு 20 போதும். நிதானமாக ஆடும் கட்டுக்கு 26-ம் வேண்டியிருக்கும். எந்த வகை அதிர்ஷ்டக்கேட்டைத் தாங்கிக்கொள்வது என்பதை ஆட்டக்காரர் வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வருகிறார். திறமையின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பேன்.

இதற்கு 2016 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த புரோ டூர் என்ற மேஜிக் தொழில்முறைப் போட்டி நல்ல சாட்சி. அப்போது புதிதாக வந்திருந்த எல்ட்ராசி என்ற வகைச் சீட்டுகளை, 'ஐ ஆஃப் உகின்' என்ற பழைய லேண்டோடு சேர்த்தால் இரண்டு மானா மலிவாக இறக்கலாம். சீட்டுகள் யாரிடமும் ஒளிந்திருக்கவில்லை. பட்டியல் எல்லோர் கையிலும் இருந்தது. அந்தச் சேர்க்கையைச் சரியாகக் கட்டி வந்தவர்கள் அரங்கில் சிறுபான்மைதான். கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் அவர்களே. அதே கட்டை அடுத்த மாதம் ஊரே ஆடியது, முன்னே கண்டுபிடித்தவர்களின் சாதகம் கரைந்தது. ஏப்ரலில் அந்த லேண்டுக்கே தடை வந்தது.

"அப்படியானால் வென்றது கட்டு, ஆளா வென்றார்?" என்று கேட்பார்கள். இன்று வென்ற கட்டின் பட்டியல் நாளைக்கே ஊருக்கெல்லாம் கிடைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டலாம். ஆனால் எல்லோரும் ஒரே கட்டை எடுத்துவந்தால், அதை முறியடிக்கும் கட்டுக்குத்தான் மவுசு. நகலெடுப்பவர் நேற்றைய கேள்விக்கான விடையைக் கொண்டுவருகிறார். வரப்போகும் கூட்டம் எதை ஆடும் என்று கணிப்பதும், ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் 15 சீட்டு சைட்போர்டை அதற்கேற்ப நிரப்புவதும் எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது. தவிர, ஜெர்மனியின் காய் புடே 1999-க்கும் 2003-க்கும் இடையே ஏழு புரோ டூர் பட்டங்கள் வென்றார், இரண்டு அணியாக ஆடி வென்றவை. அவற்றில் சில, கட்டே கொண்டுவர முடியாத, அங்கேயே கிடைக்கும் சீட்டுகளை வைத்துக் கட்டி ஆடும் போட்டிகள். ஒரே கட்டின் தயவு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

அதற்காக அதிர்ஷ்டத்தைத் துடைத்தெறியவும் வேண்டாம். ஓர் ஆட்டத்தில் 60 சதவீதம் வெல்லும் சாமர்த்தியசாலி, மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற மேட்சில் 65 சதவீதம் வெல்வார். கடைசி எட்டுக்குள் வந்தபின் அவர் மூன்று மேட்சையும் தொடர்ந்து வெல்ல 27 சதவீதமே வாய்ப்பு; நாலில் ஏறக்குறைய மூன்று முறை கோப்பை வேறொருவருக்கு. புதியவர்கள் இந்த ஆட்டத்தை விட்டு ஓடாமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. வேண்டிய சீட்டை வாங்க முடியாதவருக்குக் கட்டைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பாதிதான், அது திறமையிலும் சேராது, அதிர்ஷ்டத்திலும் சேராது. இதற்கு மாற்று ஆட்டத்திலேயே இருக்கிறது. டிராஃப்ட் முறையில் ஒவ்வொருவரும் பிரிக்காத பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். சேர்ந்த சீட்டுகளிலிருந்து அங்கேயே 40 சீட்டுக் கட்டு கட்டி ஆடுவார்கள். செலவு எல்லோருக்கும் ஒன்றே. கல்லூரியிலோ நூலகத்திலோ முதன்முதலாகப் போட்டி நடத்த நினைப்பவர்கள் டிராஃப்டிலிருந்தே தொடங்குங்கள்.