பழைய 'குட்டி யானை' வாங்கப் போறீங்களா? பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

காய்கறி, மீன், தண்ணீர் கேன், கல்யாணப் பந்தல் சாமான்... எதை ஏற்றினாலும் நாலு காசு பார்க்கலாம் என்று நகையை அடகு வைத்து பழைய டீசல் வண்டி வாங்குபவர்கள் ஏராளம். 2005-ல் வந்த டாடா ஏஸ், 'குட்டி யானை' என்றே பெயர் வாங்கிவிட்டது. அதைவிட பெரிய லோடு என்றால் பொலிரோ பிக்கப்.

சரியான வண்டி அமைந்தால் சோறு போடும். தவறினால் ஓடுகிற நாளைவிட ஒர்க் ஷாப்பில் நிற்கிற நாள்தான் அதிகம். டியூவும் வட்டியும் மட்டும் நிற்காது.

காலையில் போங்க

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பார்ப்பதுதான் முதல் பாடம். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

புகையின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் கரும்புகை தள்ளினால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போ இவற்றில் கோளாறு இருக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் வைக்க வேண்டும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால் அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்'. பிஸ்டன், ரிங் தேய்ந்து இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

பழைய டீசல் ஏஸ் 2 சிலிண்டர் வண்டி. கொஞ்சம் அதிர்வு சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடியில் குனிஞ்சு பாருங்க

பாடிக்கு பெயிண்ட் அடிக்கலாம், சேசிஸ் பொய் சொல்லாது. வெல்டிங் தழும்பு, விரிசல், துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்ததைவிட கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி.

கிலோ மீட்டரை நம்பாதீர்கள். மீட்டரைத் திருப்பிவிடலாம். ஆனால் தேய்ந்த பெடல் ரப்பரும் வழுவழுப்பான ஸ்டீயரிங்கும் உண்மையைச் சொல்லும்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாது. லோடு வைத்து ஒரு மேம்பாலம் ஏற்றுங்கள். இன்ஜின் மட்டும் அலறி வண்டி நகராவிட்டால் கிளட்ச் போச்சு. பின்னால் 'ஊ...' என்று சத்தம் கேட்டால் கிரவுன் செலவு காத்திருக்கிறது.

பேப்பர் கிளியரா?

இன்ஜின் போனால் செய்துவிடலாம். பேப்பர் சரியில்லாவிட்டால் வண்டியே போய்விடும். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். அபராத பாக்கியையும் தனியாகப் பார்ப்பது நல்லது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் பொறித்த நம்பரோடு ஒப்பிடுவது கட்டாயம்.

8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கணக்குப் போடுங்கள்.

"மீதி டியூவை நீ கட்டிக்கோப்பா" என்று கைமாற்றும் வண்டியில்தான் பெரிய ஆபத்து. கடன் பழைய ஓனர் பேரில், ஆர்.சி.யும் அவர் பேரில். நாளைக்கு பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கினால், பணம் கட்டிய உங்களுக்கு உரிமை பேச வழியில்லை. பைனான்ஸ் முடிந்ததற்கான என்.ஓ.சி., படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கவே கூடாது.

பெயர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்தை அன்றே வாங்கிவிட வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து கூட அழைத்துப் போங்கள். புரோக்கர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். "இன்னிக்கே அட்வான்ஸ் போடலைன்னா வேற பார்ட்டி ரெடி" என்று அவசரப்படுத்தினால் தாராளமாக விட்டுவிடுங்கள். இந்த வண்டி போனால் அடுத்த வண்டி வரும். அடகு வைத்த நகை அவ்வளவு சுலபமாகத் திரும்பாது!